அரைப் பேர்

தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது சுப்பையாவின் மனைவி பார்வதியின் தொலைபேசி அழைப்பு வந்தது. பூனாகலைத் தோட்டத்திலிருந்து அவர் என்னை அழைத்தது அதுவே முதல் தடவை. "மாஸ்டர், அவரு விடியக்காலையில போயிட்டாரு. ஒரு சாமான் உங்க பேருல கெடக்கு. வந்து எடுத்துக்கங்க." அழவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கவும் இல்லை. நான் கையிலிருந்த விடைத்தாளைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அப்படிப்பட்டவன் நான்.

செத்த வீட்டில் பேசிய நீங்கள் எல்லோரும் சுப்பையாவை நல்ல மனுசன் என்றீர்கள். யார் மனசையும் நோகடிக்காதவர் என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. பதுளை பஜாரில் அவருடைய வெல்டிங் கடைக்குப் போய் வந்தவர்களாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் வாய் தேள். நோகடிக்கப்படாமல் அவரிடம் ஒரு வேலை வாங்கியவன் இந்த ஊரில் இல்லை.

சமாதானக் காலத்தில் கிழக்குக் கடற்கரை திறந்தது. பழைய போரொன்றில் மூழ்கிய இரும்புக் கப்பல் ஒன்றைப் பார்க்க வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே ஆட்களை இறக்கத் தொடங்கினார். ஒட்சிசன் சிலிண்டர் தேடிப் பதுளைக்கு வந்தவர் சுப்பையாவின் கடையைக் கண்டுபிடித்தார். சிலிண்டர் கொடுக்கப் போன சுப்பையா, காற்றுக் கலக்கும் வேலையையும் கற்று, கடலுக்குள்ளும் இறங்கிவிட்டார். முப்பது வயதுவரை கடலையே காணாதவர், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் பிறந்த பிள்ளை. நானோ வடக்கே கடற்கரை ஊரில் பிறந்து, நடக்கமுன்னம் நீந்தியவன். பதுளையில் கணிதம் படிப்பிக்க வந்தவன். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். இப்போது அவர் என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது என் மனதுக்குள் அவன்தான்.

கப்பல் கிடந்தது ஐம்பத்து நாலு மீற்றர் ஆழத்தில். அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் கள்ளுக் குடித்தவன் மாதிரித் தலை சுற்றும். அதனால் ஈலியம் கலக்க வேண்டும். நூற்றுக்கு இருபது பங்கு ஒட்சிசன், முப்பத்தைந்து ஈலியம், மிச்சம் நைதரசன். மேலே வரும்போது உடம்பில் ஊறிய வாயு வெளியேற, படிப்படியாக நின்று நின்று வர வேண்டும். கடைசித் தரிப்பு ஆறு மீற்றரில். அங்கே தனி ஒட்சிசன். அதே ஒட்சிசனை ஆழத்தில் மாறி வாயில் வைத்தால் வலிப்பு வந்து சாகலாம். எனவே ஒவ்வொருவரும் தன் சிலிண்டரைத் தானே சோதித்து, அதன் கழுத்தில் நாடா ஒட்டி, என்ன காற்று, எவ்வளவு ஆழத்துக்கு என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கணக்கு முழுவதும் சுப்பையாவுடையது. அதில் ஒரு பிழை பிடிக்க நான் எவ்வளவோ முயன்றேன். பிடிபடவில்லை.

கொண்டுபோகும் காற்றை அவர் மூன்றாகப் பிரிப்பார். ஒன்று போக, ஒன்று வர. "மூணாவது பங்கு நம்மளுது இல்ல மாஸ்டர். கூட வர்றவனுது" என்பார். உயிர் தொங்கும் எந்தச் சாமானும் இரண்டாக இருக்க வேண்டும். மூச்சுக்கருவி இரண்டு, விளக்கு இரண்டு, வலை அறுக்கக் கத்தி இரண்டு.

இறங்குவதற்கு முன் படகில் பெரட்டு நடக்கும். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. சுப்பையா சிலேட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகக் கூப்பிடுவார். நாங்கள் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். பிந்தி வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப் பேர். கடலில் அரைப் பேர் விழுந்தவன் இறங்க முடியாது. வெயிலில் படகிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை என் சிலிண்டர் நாடாவில் கையெழுத்து இல்லை. சோதித்தேன், எழுத மறந்துவிட்டேன். அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கூட விடலாம் என்றார். சுப்பையா விடவில்லை. "தண்ணிக்கு நீங்க மாஸ்டருன்னு தெரியாது. அரைப் பேரு. ஒக்காருங்க" என்றார். படகோட்டி முதற்கொண்டு ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைக்காத பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். லயத்தில் பிறந்தவன் என்னை இருத்திவைத்தான் என்று அன்று முழுவதும் எனக்கு நெஞ்சு எரிந்தது. அவர் சாக வேண்டும் என்றுகூட நினைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கடற்கரையில் பையைத் திறந்தேன். கத்திகள் இரண்டும் இல்லை. பதுளையில், கட்டிலின் மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். இன்னொரு முறை அந்த ஆறு பேர் முன்னால் உட்கார என்னால் முடியாது. காலில் வெறும் உறையைக் கட்டிக்கொண்டேன். பெரட்டில் அவர் "கத்தி?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். சிலேட்டில் ஏதோ எழுதினார். அடுத்த சாமானுக்குப் போனார்.

கீழே, கப்பலின் பின்புறம், அறுந்து கிடந்த மீன்வலை என் சிலிண்டர் வால்வில் சிக்கியது. கத்தி இருந்திருந்தால் அரை நிமிட வேலை. நான் திமிறினேன், வலை இன்னும் சுற்றியது. சுப்பையா முன்னால் போயிருந்தார். திரும்பி வந்து வலையை அறுத்து என்னை எடுக்க ஒன்பது நிமிடம். அந்த ஆழத்தில் ஒன்பது நிமிடம் கூடினால் மேலே தரிக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். பயத்தில் நான் என் காற்றை எல்லாம் இழுத்து முடித்துவிட்டேன். அவருடைய மூன்றாவது பங்கை எடுத்தேன். ஆறு மீற்றரில் என் ஒட்சிசனும் தீர்ந்தது. படகிலிருந்து தொங்கவிட்டிருந்த உபரிச் சிலிண்டரையும் நானே குடித்தேன். பிறகு அவர் தன்னுடைய ஒட்சிசனைக் கழற்றி என் கையில் திணித்தார். வேண்டாம் என்று நான் தலையாட்டவில்லை. தன் முதுகில் மிச்சமிருந்ததை வைத்து அவர் முடிந்தவரை நின்றார். அதுவும் தீர்ந்ததும், நிற்க வேண்டிய நேரத்தில் அரைவாசி மிச்சமிருக்க, என்னைப் பார்த்துக்கொண்டே மேலே போனார்.

கரையில் அவருக்குக் கால் மரத்துப்போனது. பிறகு மயக்கம். உடம்பில் பெருத்த வாயுவை மறுபடி அமுக்கிக் கரைக்கும் அமுக்க அறை இருக்கும் கடற்படைத் தளத்துக்குக் கரையோரமாகக் கொண்டுபோகலாம் என்று படகோட்டி சொன்னார். எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி பதுளை ஆஸ்பத்திரி ஒன்றுதான். ஊவாவில் பாம்பு கடித்தாலும் பிள்ளை பிறந்தாலும் பதுளைக்கு ஓடிப் பழகிய எல்லோரையும் போல நானும் பதுளை என்றேன். மலை ஏறுவதும் மேலே வருவதுதான் என்று சுப்பையா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அதற்காகவே மறுநாள் மாலைவரை யாரையும் பஸ் ஏற விடமாட்டார். கணித மாஸ்டருக்கு அன்று அது ஞாபகம் வரவில்லை. வான் ஏற ஏற, அவர் உடம்பில் மிச்சமிருந்த வாயுவும் பெருத்தது.

லுணுகலை தாண்டியபோது கண் விழித்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். பதுளைக்கு என்றேன்.

"மாஸ்டர், எங் காலு ரெண்டும் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

அந்தச் சொல்லால் அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. கால்கள் கிடந்தன. அவை அதன் பிறகு அசையவில்லை.

ஐந்து வருடம் லயத்து அறையில் படுக்கையிலேயே கிடந்தார். நான் மூன்று முறை போனேன். போகும்போதெல்லாம் பார்வதி தேத்தண்ணீர் தந்தார். சுப்பையா என் பாடசாலையைப் பற்றி விசாரித்தார். கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியாது என்று எண்ணி நான் நிம்மதியாகப் பஸ் ஏறினேன். சிறுநீர் போக அவருக்கு ஒரே ஒரு குழாய் கொடுத்திருந்தார்கள். கழுவிக் கழுவிப் பாவிக்கச் சொன்னார்களாம். "இன்னொண்ணு இருந்தா நல்லது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். வாங்கி வருகிறேன் என்றேன். வாங்கவில்லை. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறித்தான் செத்தார். எதையும் இரண்டாக வைத்திருந்த மனிதர்.

சாமத்திய வீடு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் பிந்திப்போகும் நான் அன்றும் பிந்தித்தான் போனேன். எல்லோரும் கலைந்த பிறகு பார்வதி துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து அந்தச் சாமானை எடுத்து வந்தார். படகுச் சிலேட்டு. பென்சில் எழுத்து அழியவில்லை. அன்றைய பெரட்டு. எல்லோர் பெயருக்கும் நேரே முழுப் பேர் விழுந்திருந்தது. கடைசி வரியில்: மாஸ்டர், கத்தி, அரைப் பேர்.

"உறை காலியா இருந்தத அன்னைக்கே பாத்துட்டாராம்" என்றார் பார்வதி. "போன வாரந்தான அத்தனை பேருக்கு முன்னால ஒக்கார வச்சேன், இன்னொரு தடவை மனசு வரலன்னு சொன்னாரு. தான் உசுரோட இருக்கிற வரைக்கும் இத உங்ககிட்ட பேசக் கூடாதுன்னுட்டாரு." பிறகு சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டு, நான் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரவில்லை.

அந்தச் சிலேட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒரு துணியும் கொஞ்சம் தண்ணீரும் போதும், அழித்துவிடலாம். அழிக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அரைப் பேர்தான். ஆகவே அவரை அறிந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சுப்பையா நல்ல மனுசன் என்று என் முன்னால் இனிமேல் சொல்லாதீர்கள். அவர் ஒரே ஒரு நாள்தான் நல்லவராக இருந்தார். அன்று அவரோடு கடலில் இறங்கியவன் நான்.