நானாவின் கசெட்டும் நான் தேடிய சோக்கும்

மதினியின் வலது காது முழுதாகப் போயிருந்தது. இடது காதில்தான் கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சமிருந்தது. அதுவும் அதிக காலம் நிற்காது என்று பேராதனை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்றே அவர் அலுமாரியைத் திறந்து, சாரிகளுக்கு அடியிலிருந்து ஒரு கசெட்டை எடுத்துக்கொண்டு, மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"தம்பி, இது உங்கட நானாட கசெட். காது ஈக்கக்குள்ளயே ஒருக்கா கேட்டுரணும்" என்றார்.

நானா, அதாவது என் அண்ணன், சவூதியில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் அங்கிருந்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். இது அவர் மதினிக்குக் கடைசியாகப் பேசியது. அனுப்புவதற்குள் மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கினார்கள். கசெட் மட்டும் அவருடைய பெட்டியோடு வந்து சேர்ந்தது. கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தா முடியட்டும் என்று முதலில் தள்ளிப்போட்ட மதினிக்கு, பிறகு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

எங்கள் வீட்டில் பழைய கசெட் பிளேயர் ஒன்று இருந்தது. அன்றைக்கே போட்டிருக்கலாம். கெடுத்தது நான்தான்.

நான் முப்பது வருஷம் பௌதிகவியல் படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு அம்ப்ளிஃபயர் செய்வதே என் பைத்தியம். மந்தமான காதுக்குச் சத்தம் பெரிதாக வேண்டும். சத்தத்தைப் பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். ஆகவே துளி இரைச்சல் இல்லாத ஒரு அம்ப்ளிஃபயரை என் கையால் செய்து, அதில்தான் நானாவின் குரலைக் கேட்க வைப்பேன் என்று மதினியிடம் வீரம் பேசினேன். ஃபோனில் பதிந்து இயர்ஃபோனில் போட்டுக் கொடுக்கலாமே என்றாள் மகள். உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன்.

அம்ப்ளிஃபயரை ஒரு கிழமையில் செய்து முடித்தேன். மாட்டிக்கொண்டது அதன் பவர் சப்ளையில். வீட்டுக்கு வரும் கறண்ட் ஆடிக்கொண்டு வருகிறது. அதன் ஆட்டத்தை அடக்காவிட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கேட்கும். அடக்குவதற்கு கொண்டென்சரோடு ஒரு சோக்கும் போடலாம். சோக் என்றால் பெரிய சங்கதி இல்லை, இரும்பைச் சுற்றிய செம்புக் கம்பிதான். எந்த சோக் என்பதில்தான் நான் மாதக்கணக்கில் உட்கார்ந்தேன்.

முதலில் பழைய டியூப் லைட் சோக். எல்லாரும் எல்ஈடி பல்புக்கு மாறிவிட்டதால் கட்டுகஸ்தோட்டைப் பழைய இரும்புக் கடையில் அது குவிந்து கிடந்தது. போட்டேன். வோல்டேஜ் படுத்துவிட்டது, சோக்கும் தன் பங்குக்கு உறுமியது. அடுத்தது கம்பியூட்டர் பவர் சப்ளையிலிருந்து கழற்றிய வளையம். அது வேகமான ஆட்டத்துக்கு உரியது, நம் வீட்டுக் கறண்டின் ஆட்டத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் பழுதான யூபிஎஸ் ஒன்றின் இரும்பைத் தூக்கிக்கொண்டு, கண்டிச் சந்தைக்குப் பின்னால் மோட்டர் சுற்றுகிறவரிடம் போனேன்.

"சேர், பள்ளிவாசல் ஸ்பீக்கருக்குக் கூட யாரும் இவ்வளவு பாக்குற இல்ல" என்று சிரித்துக்கொண்டே சுற்றிக் கொடுத்தார்.

அந்த சோக்கைப் போட்டதும் ஸ்பீக்கர் அமைதியாகிவிட்டது. காதை வைத்தாலும் ஒன்றும் இல்லை. பெருமை பிடிபடவில்லை எனக்கு. கசெட்டைப் போட்டேன். அதே 'ம்ம்ம்' திரும்ப வந்துவிட்டது.

சத்தம் வரும்போது அம்ப்ளிஃபயர் கூடுதலாகக் கறண்ட் இழுக்கும். இரும்பின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் சரியான இடைவெளி இல்லாவிட்டால், அந்த நேரம் பார்த்து சோக் கைவிட்டுவிடும். அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். இடைவெளிக்குக் கடதாசி வைத்தேன், கலியாணக் கார்ட்டை வெட்டி வைத்தேன், இரண்டாக மடித்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் கழற்றி, இறுக்கி, கசெட்டைப் போட்டுக் கேட்பேன்.

கேட்பேன் என்றால், நானா பேசியதை அல்ல. கணவன் மனைவிக்குப் பேசி வைத்ததை மைத்துனன் காது கொடுத்துக் கேட்பது முறையா? மதினி கேட்கும் முன் ஒரு சொல்லும் என் காதில் விழக்கூடாது என்று முதல் நாளே தீர்மானித்திருந்தேன். அதனால் சொல் விளங்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து ஓட விட்டு, கசெட்டின் நடுவில் நானா பேச்சை நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, திரும்பத் திரும்ப அதை மட்டும் ஓட விட்டேன். கோப்பையை வைக்கும் சத்தம், பிறகு அந்த இரைச்சல்.

"நீங்க பாட்டு கேட்டு நான் காணல்ல, இரைச்சல் கேட்டுத்தான் கண்டிருக்கன்" என்பாள் என் மனைவி.

"எப்ப தம்பி?" என்று மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். "வாற வெள்ளிக்கு மதினி" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "இரைஞ்சாலும் பரவால்ல, போடுங்களேன்" என்று ஒருநாள் கெஞ்சினார். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது என்றேன். அப்படிச் சொன்ன வாயை இன்று நினைத்தால் எனக்கே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஒரு காலை கீழே மதினியின் வீட்டுக்கு அப்பம் கொண்டுபோன மனைவி ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். "பக்கத்துல நிண்டு கூப்பிட்டன். மதினிக்குக் கேக்கல்லங்க."

மூடி கூடப் பூட்டாத அம்ப்ளிஃபயரையும் கசெட் பிளேயரையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். மதினி கதிரையை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தலையில் சீலையைச் சரிசெய்து, இடது காதைச் சாய்த்து உட்கார்ந்தார். கசெட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் போட்டேன். நானாவின் குரல் வீட்டை நிறைத்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மதினி என்னைப் பார்த்து, "போட்டுட்டீங்களா தம்பி?" என்றார்.

இன்னும் கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் தலையை மெல்ல ஆட்டினார். நான் நிறுத்தினேன்.

"என்னத்த செல்றாரு?" என்று கேட்டார்.

நூறு தடவைக்கு மேல் அந்தக் கசெட்டை ஓட விட்டவன் நான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பின்னாலேயே வந்திருந்த மகளிடம் கொப்பி ஒன்றை வாங்கி, கசெட்டை மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றி, எழுதத் தயாரானேன். ஸலாம் சொன்னதும் நானா சொன்ன முதல் வார்த்தை இது: "இந்த ஏசி ம்ம்ம் எண்டு இரையிது, கோவிச்சுக்காதீங்க. நிப்பாட்டினா சூட்டுக்கு ரூம்ல ஈக்கேலா."

அவர் ரூம் இரைச்சலைத்தான் நான் இத்தனை மாதமாகக் கடதாசி வெட்டி வெட்டித் துரத்திக்கொண்டிருந்தேன். வேறொரு கசெட்டைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே புரிந்திருக்கும். அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் போதும், மதினி இருந்த காதோடு எல்லாவற்றையும் கேட்டிருப்பார்.

எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். "அவரு எப்பவும் இப்பிடித்தான்" என்றார்.

அடுத்த வரிகளில் என் கை நின்றது. ஒரு மனிதன் மனைவியிடம் மட்டும் சொல்லுகிற வார்த்தைகள் அவை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மதினி என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

"எழுதுங்க தம்பி. வெக்கப்பட வாணாம்" என்றார்.

நண்பகல் ளுஹர் தொழுகை வரைக்கும் எழுதினேன். நானாவின் குரலில் கேட்க வேண்டியதையெல்லாம் அவர் என் கையெழுத்தில் வாசித்தார்.