மாடிப்படி வகுப்பு

எங்கள் வீட்டில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான். மொட்டை மாடிக்கு ஏறும் படிகளில், திருப்பம் தாண்டி ஏழாவது படி. இரணியல் பக்கம், தென்னைகளுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இடையில் இருந்தது வீடு. கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் பாடமெல்லாம் போனில் என்று ஆனபோது, தனியார் பள்ளியொன்றில் அறிவியல் டீச்சராக இருந்த எனக்கு அந்தப் படியே வகுப்பறையாயிற்று.

கால்கள் கீழ்ப்படியில் இருக்கும். போனைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருப்பேன். முகம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமென்றால் உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து பீரியட். எங்கள் ஊரில் முதுகின் கீழ்ப்பாகத்தை நடு என்போம். இரண்டாவது மாதத்தில் என் நடுவில் ஒரு குத்தல் தொடங்கியது. பிறகு அது காலுக்கு இறங்கியது. காலையில் பல் தேய்க்கக் குனிந்தால் நிமிர முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மஸ்கட்டில் இருந்த கணவரிடம் சொன்னேன். "ஒரு நல்ல செயர் வாங்கிப் போடு" என்றார். படியில் எப்படிச் செயர் போடுவது என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அங்கே வேலை இருக்குமா போகுமா என்று தெரியாத நேரம்.

தலைமையாசிரியையிடம் கொஞ்ச நாள் படுத்துக்கொண்டு குரலில் மட்டும் பாடம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"நடு வலி எல்லாருக்கும்தான் இருக்கு டீச்சர். கேமராவ ஆஃப் பண்ணினா பேரண்ட்ஸ் என்னட்டல்லா சத்தம் போடுவினும்."

அன்று ஒன்பதாம் வகுப்புக்கு ஒளிவிலகல். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பென்சிலைப் போட்டுக் காட்ட வேண்டும். கீழ்ப்படியில் இருந்த டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன். நடுவில் ஏதோ வெட்டியது போல இருந்தது. கையை மடக்க முடியவில்லை, திரும்ப முடியவில்லை. மூச்சை இழுத்தாலே உயிர் போயிற்று. வாய் பாதி திறந்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

"லே, மிஸ் ஸ்டக் ஆயிட்டு."

"நெட்வொர்க் போச்சு லே."

சிரித்தார்கள். என் முகம் அசையாததைப் பார்த்துப் படம் நின்றுவிட்டதாக நினைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியில் ஒரு பெண்பிள்ளை மட்டும் இருந்தாள்.

"மிஸ், உங்க சேல முந்தி காத்துல ஆடுகு. நெட்வொர்க் ஒண்ணும் போகல்ல. நீங்க அழுறியளா?"

அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் அம்மாவைக் கூப்பிட்டிருப்பாள், யாராவது வந்திருப்பார்கள். ஆனால் டீச்சர் அழுதாள் என்று வகுப்பு முழுக்கப் பரவுமே என்றுதான் தோன்றியது. "ஒண்ணுமில்ல மக்கா, நாளைக்குப் பாப்போம்" என்று எப்படியோ சொல்லி, ஒரு விரலால் போனை அணைத்தேன். அது சுவரிலிருந்து சறுக்கி எட்டாத படிக்குப் போய்விட்டது.

வீட்டில் அப்போது இருந்தது மாமா மட்டும், என் கணவரின் அப்பா. காது மந்தம். கத்திப் பார்த்தேன், கத்தினால் வலி கூடியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தேன். இப்படியே செத்துப்போனால் நல்லது என்று அன்று முதல் முறையாக நினைத்தேன்.

பசித்ததும் அவர் தேடிக்கொண்டு வந்தார்.

"என்னதாக்கும் மக்களே, விழுந்திட்டியா?"

என்னோடு ஒரே அறையில்கூட உட்காராத மனிதர். எனக்குக் கீழே உள்ள படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "தோளப் பிடிச்சுக்கோ" என்றார். அவர் ஒரு படி நகர, நான் ஒரு படி நகர, உட்கார்ந்தபடியே இறங்கினோம். நான் அழுவதைப் பார்க்காமலிருக்க அவர் கடைசிவரை திரும்பவே இல்லை. அன்று அவரே கஞ்சி வைத்தார். உப்புப் போட மறந்திருந்தார்.

நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் விலகியிருக்கிறது, மூன்று வாரம் எழும்பக் கூடாது என்றார் டாக்டர். என் வகுப்புகளையும் கணக்கு டீச்சர் தலையில் கட்டினார்கள். ஒன்பதாம் நாள் அவர் போன் செய்தார்.

"டீச்சர், தப்பா நினைக்கப்பிடாது. உங்க கிளாஸும் சேத்து எடுத்து எனக்க நடுவும் போச்சு. எப்ப வருவிய?"

பத்தாம் நாள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏழாவது படிக்கு ஏறினேன்.

பள்ளி திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். திறந்தது. அங்கே வகுப்பில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது, நின்றுதான் எடுக்க வேண்டும். முதல் பீரியடிலேயே வலது கால் மரத்துப்போகும். ஒரே ஒரு நாற்காலி கேட்டேன். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார் தலைமையாசிரியை.

அந்த வருடம் முழுப்பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டேன். பதினான்கு வருட வேலை. கணக்கு டீச்சர் பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தார், சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார்.

"நீங்க பெயிட்டிய. எனக்குப் போக வழியில்ல டீச்சர்" என்றார்.

பஸ் வந்தது. ஏறுவதற்கு அவர்தான் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.