இறக்கையின் முதுகுப்பக்கம்

பேருந்துக்குப் பாடி கட்டுகிறவர்களில் அளவு தப்பாத ஆளைக் காட்டச் சொன்னால், அந்த வட்டாரத்தில் எல்லா விரல்களும் மேஸ்திரியின் பக்கம்தான் நீளும். மேஸ்திரியின் விரல் எல்லாவற்றுக்கும் முந்தி நீளும். வெறும் சக்கரமும் எஞ்சினுமாகப் பட்டறைக்குள் உருண்டு வருகிற வண்டிக்கு எலும்பு வைத்து, தகடு போர்த்தி, சன்னல் மாட்டி, ஐம்பது பேர் உட்காரும்படி அனுப்பி வைக்கிறவர். அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐந்தாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் ஒரு பட்டறையில் தகட்டுத் துண்டுகளைப் பெருக்க வந்தார். முப்பது வயதில் அந்தப் பட்டறைக்கு நேர் எதிரிலேயே சொந்தப் பட்டறை போட்டார். நேர் எதிரில் அமைந்தது தற்செயல் இல்லை. "காலையில நான் ஷட்டரைத் தூக்குற சத்தம் பழைய முதலாளிக்குக் கேக்கணும்ல?" என்பார்.

சின்ன வயதிலிருந்தே தகட்டில் ரிவிட் ஆணி அடித்ததில் காது பாதி மந்தம். மெல்லிசை என்று மற்றவர்கள் உருகுவதெல்லாம் அவருக்குக் கொசு பாடுகிற மாதிரிதான். சொந்தப் பட்டறை போட்ட புதிதில் ஒருநாள் ரேடியோவில் ஒரு ராக் குழுவின் பாட்டு வந்தது. கிட்டார் தகரம் அறுத்தது. டிரம்ஸ் ரிவிட் அடித்தது. மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். "இவனுங்க நம்ம தொழில்காரனுங்கடா!" என்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அறுபத்தாறு வயதிலும் தெளியவில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் குழு நகர மண்டபத்துக்கு வரும். மண்டபத்தில் டிக்கெட் கொடுக்கிற சன்னல் திறக்கும் முன்பே மடக்கு ஸ்டூலோடு முதல் ஆளாக மேஸ்திரி உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று நின்று பழகியவர்கள்தான் அவருடைய ரசிகர் கூட்டம். அவரையும் சேர்த்து மொத்தம் பதினோரு பேர். அவரை விட்டால் அதில் வாய் பேசத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பட்டறைக்குப் பக்கத்துச் சலூன்காரர். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. இன்னொருவர் ஓய்வு பெற்ற பூகோள டீச்சர். முன்வரிசையில் நின்று தலையை ஆட்டி ஆட்டி, இரண்டு முறை கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டவர்.

இவர்கள் இத்தனை வருடமாகப் போனதெல்லாம் கடைசிப் பாட்டுக்காக. அப்போது மேடைக்கு மேலிருந்து ஓர் இரும்புப் பறவை இறங்கும். லாரி அளவு உடம்பு. ஒவ்வொரு பக்கமும் நாலு மடிப்பாக மடிந்த இறக்கை. புகை கிளம்ப, விளக்கு சுழல, மடிப்பு ஒன்று விரியும், இரண்டு விரியும். அவ்வளவுதான். மூன்றாவது விரிந்தால் மண்டபத்துச் சுவர் இடிக்கும். மீதி இரண்டு மடிப்பில் என்ன வரைந்திருக்கிறது என்பது முப்பது வருடமாகத் தீர்ப்பு வராத வழக்கு.

"கண்ணு. பெரிய பெரிய கண்ணு. அடிச்சுச் சொல்றேன்" என்பார் சலூன்காரர்.

"ஒண்ணுமே இருக்காது. தெரியாத இடத்துக்கு எதுக்குன்னு பெயின்ட்டை மிச்சம் பண்ணியிருப்பாங்க" என்பார் டீச்சர்.

"பேரு இருக்கும். உழைச்சுச் செஞ்ச பொருள்ல பேரு போடாம எவன் விடுவான்?" என்பார் மேஸ்திரி. அவர் கட்டிய ஒவ்வொரு பேருந்தின் பின்பக்கத்திலும் அவர் பெயர், வண்டி எண்ணைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

அந்தக் குழு இந்த முறை மண்டபத்தை விட்டு ஸ்டேடியத்துக்கு மாறுகிறது என்று சேதி வந்தது. நாலு மடிப்பும் விரியப்போகிறது. சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஒருவரை நுரையோடு விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடி வந்தார்.

"மேஸ்திரி! இனிமே சுவரே கிடையாது!"

"தெரியும்யா. நான் அப்பவே சொன்னேன், இந்தப் பசங்க பெரிய இடத்துக்குப் போவானுங்கன்னு." அந்தப் பசங்களில் இளையவருக்கே பேரன் இருந்தான்.

ஒரே ஒரு சங்கடம். சன்னலும் வரிசையும் இனி இல்லை. டிக்கெட்டைப் போனில் எடுத்து அச்சிட்டுக்கொள்ள வேண்டியதுதான். மேஸ்திரியின் மடக்கு ஸ்டூலுக்கு வேலை போய்விட்டது. சின்ன மருமகளைக் கூப்பிட்டார். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாளெல்லாம் எல்லாருக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற பெண். அந்தச் சங்கீதத்தை அதுவரை வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது பட்டறையிலிருந்து கேட்டதோடு சரி. "நானும் ஒரு தடவை வரேன் மாமா, அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள், வந்தவளாவது கேட்டாளே! ஆக, பன்னிரண்டு டிக்கெட்.

போனில் ஸ்டேடியத்தின் படம் வந்தது. படுக்கைவாட்டில் ஒரு நீள்வட்டம். அதன் இடது பக்கம் கறுப்பாக ஒரு கட்டம், அதற்குள் 'மேடை' என்று எழுத்து. வலது பக்கம் இருந்த இருக்கைகளெல்லாம் கண் எதிரிலேயே விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தன. கட்டத்துக்கு இடது பக்கம், மேடையை ஒட்டினாற்போல், வரிசை வரிசையாகக் காலி.

மேஸ்திரி வாழ்நாளில் பார்த்த படமெல்லாம் பேருந்துப் படம். அந்தப் பட்டறையில் எந்த வண்டியை வரைந்தாலும் முகம் இடது பக்கம், முதுகு வலது பக்கம். ஆயிரம் வண்டி அப்படித்தான் கட்டியிருக்கிறார். மேடைக்கும் முகம் இடது பக்கம்தானே இருக்க வேண்டும்?

"இந்தப் பக்கம் போடும்மா. முன்வரிசை."

"மாமா, இவ்வளவு பக்கத்துல இவ்வளவு இடம் எப்படிக் காலியா இருக்கும்?"

"படம் பார்க்கத் தெரிஞ்சவன் ஊர்ல நான் ஒருத்தன்தான்னு அர்த்தம்."

"இல்ல மாமா, எதுக்கும் ஒரு தடவை..."

"அம்மாடி, நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் படம் பார்த்து வண்டி கட்டினவன். அமுக்கு."

அமுக்கினாள்.

அடுத்த மூன்று வாரம் மேஸ்திரியின் கால் தரையில் பாவவில்லை. ஸ்டேடியத்திலேயே முன்வரிசை வாங்கிவிட்டேன் என்று பெயின்ட் கடைக்காரரிடம் சொன்னார், கண்ணாடி கொண்டுவருகிறவரிடம் சொன்னார், வண்டி கட்டக் கொடுத்தவர்களிடமெல்லாம் சொன்னார். கூட்டம் தினமும் சாயங்காலம் பட்டறையில் கூடியது. பாதி கட்டிய பேருந்துக்குள் பலகை போட்டு உட்கார்ந்து, பறவை இறங்கும்போது எந்த நொடியில் விசில் அடிப்பது என்று ஒத்திகை பார்த்தார்கள். சலூன்காரர் இறக்கையில் கண் இல்லாவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகச் சபதம் செய்தார்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் ஒரு செய்தித்தாளோடு வந்தார். அதிலும் ஸ்டேடியத்தின் படம் போட்டிருந்தது. இதில் மேடையிலிருந்து வலது பக்கமாக ஓர் அம்புக்குறி கிளம்பியது. டீச்சர் தன் டிக்கெட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் வரைபடத்தில் பிள்ளைகள் திசை மாற்றி எழுதியதைச் சிவப்புப் பேனாவால் சுழித்தவர்.

"மேஸ்திரி, நாம பார்க்கப்போறது முகம் இல்ல. முதுகு."

மேஸ்திரி காதருகே கையைக் குவித்தார்.

"என்னது?"

"மேடைக்குப் பின்னாடி உட்காரப்போறோம். இறக்கை நாலு மடிப்பும் விரியும். அதோட பின்பக்கத்தைத்தான் பார்ப்போம்."

"மாத்திக்கலாமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லாம் விற்றுப் போய்விட்டது என்று டீச்சர் தலையை ஆட்டினார்.

சரியாக அந்த நேரம் பார்த்து, மாமாவுக்குக் காதுக்கு விடுகிற சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு மருமகள் பேருந்தின் படியில் ஏறினாள். சலூன்காரர் அவளைப் பார்த்தார். அவருக்குக் கோபமில்லை, ஆறுதல் சொல்கிற எண்ணம்தான். "விடுங்க, விடுங்க. சின்னப் பொண்ணு. போன்ல விரல் தவறியிருக்கும். மேஸ்திரி அளவு பார்த்திருந்தா இப்படி ஆகுமா? என்ன மேஸ்திரி?"

பதினோரு முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அவள் மாமாவைப் பார்த்தாள்.

மேஸ்திரி, "ம்" என்றார்.

அவள் மருந்தைப் பலகையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

பட்டறைக்கு மேலேதான் வீடு. மாடியேறிப் போனபோது வீடு எப்போதும்போல் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. மருமகள் முகத்தில் சுளிப்பு இல்லை, பேச்சில் குத்தல் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, என் டிக்கெட்டை வேற யாருக்காவது கொடுத்திடுங்க. நான் வரல."

"ஏம்மா?"

"அங்க வந்தா அத்தனை பேரும் இறக்கையைப் பார்க்க மாட்டாங்க மாமா. என்னைத்தான் பார்ப்பாங்க."

மேஸ்திரியின் மனைவி அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தார். மருமகள் உள்ளே போன பிறகு, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏங்க, இப்பதான் டீச்சர் போன்ல சொன்னாங்க. அது 'ம்'னு சொன்னதா, இல்ல தொண்டையைச் செருமினதா?"

"நான் எங்க ஏதாவது சொன்னேன்? அவங்களா நினைச்சுக்கிட்டாங்க."

"வாயைத் திறந்தா மூடாத மனுஷன். இன்னைக்குன்னு பார்த்து ஒரே எழுத்துல முடிச்சுக்கிட்டீங்களாக்கும்."

மேஸ்திரி அந்த வாரம் ஒரு சன்னல் சட்டத்தை மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அளவு சரியாகத்தான் இருந்தது. நாலாவது முறையும் டேப்பை இழுத்தார். உடனிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிக்கெட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அவருக்கு ஒன்று மட்டும் விளங்கியது. 'அளவு தப்பாத மேஸ்திரி' என்ற பெயரை அவர் நாற்பது வருடமாகத் தனியாகத் தூக்கி வந்தார். இப்போது அதன் ஒரு முனையை அந்தப் பெண்ணின் தோளில் வைத்திருக்கிறார். அவளும் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறாள்.

நிகழ்ச்சி நாள் மதியம் பட்டறை வாசலில் பேருந்து தயாராக நின்றது. அவர் கட்டியதுதான், பெயர் பின்னால் பளபளத்தது. கூட்டம் ஏறி உட்கார்ந்துவிட்டது. முதுகோ முகமோ, போகாமல் இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. டிரைவர் பக்கத்து முன்சீட் வழக்கம்போல் மேஸ்திரிக்காகக் காலியாக இருந்தது. அவர் படியில் ஏறியவர், உட்காரவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சேதி. டிக்கெட்டைத் தப்பா எடுத்தது அந்தப் பொண்ணு இல்ல. நான்."

சலூன்காரர் காதைக் குடைந்துகொண்டார். "என்ன சொன்னீங்க?"

"நான்யா, நான்! அவ சந்தேகமாத்தான் கேட்டா. எனக்குத் தெரியாத படமான்னு நான்தான் அவ வாயை அடைச்சேன். பஸ் படத்துல மூஞ்சி இடது பக்கம் இருக்கும். மேடைக்கும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்."

"அப்போ அன்னைக்கு 'ம்'னீங்களே?" என்றார் டீச்சர்.

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. "டிக்கெட் தப்பினது கைத்தப்பு டீச்சர். அந்த 'ம்' இருக்கே, அது அசிங்கம்."

அவமானத்தில் அதற்கு மேல் நின்று பழக்கமில்லாத மனிதர் சட்டையை ஒரு தட்டுத் தட்டி நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. நாப்பது வருஷம் அளவு தப்பாதவன் தப்பினா, கால் இஞ்ச் அரை இஞ்சா தப்புவான்? ஒரு ஸ்டேடியம் தப்பியிருக்கேன்! உங்கள்ல எவனுக்காவது திராணி இருந்தா இவ்வளவு பெருசாத் தப்பிக் காட்டுங்க, பார்ப்போம்."

முதலில் சிரித்தது டீச்சர்தான். பிறகு பேருந்து குலுங்கியது.

"சரிதான்! தப்புலயும் பேரை எழுதிக்கிட்டார்யா, பெரிய எழுத்துல!" என்று சலூன்காரர் தொடையைத் தட்டினார்.

மேஸ்திரி கீழே இறங்கி, மாடியைப் பார்த்து, "அம்மாடி!" என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தார். தேவைப்படவில்லை. மருமகள் கடைசிப் படியில் ஷூ போட்டு, தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். மேலே மனைவி கைப்பிடியில் சாய்ந்திருந்தார். "காலையிலயே சொல்லிட்டேன், தயாரா இரும்மா, உன் மாமா வழிக்கு வருவார்னு. மதியம் வரைக்கும் இழுத்துட்டார்" என்றார்.

முன்சீட்டில் மருமகள் உட்கார்ந்தாள். மேஸ்திரி போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். சொந்தமாகக் கட்டிய வண்டியில் பின்சீட் எவ்வளவு தூக்கிப்போடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார், யாரிடமும் சொல்லவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பறவை இறங்கியது. எதிர்ப்பக்கம் நாற்பதாயிரம் பேர். இந்தப் பக்கம் இரும்புச் சட்டமும் கம்பியும் கயிறும். ஒரு மடிப்பு விரிந்தது. இரண்டு. மூன்று. மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார்.

"பாருங்கய்யா! மடக்குக் கதவு! நம்ம பஸ் கதவேதான்! ஒரு லீவரைத் தள்ளினா அத்தனையும் நீளுது பாரு! நான் சொன்னேன்ல, இவனுங்க நம்ம தொழில்காரனுங்க!"

நாலாவது மடிப்பு முழுசாக விரிந்தது. ஸ்டேடியத்தின் அந்தக் கோடியிலிருந்து நாற்பதாயிரம் பேர் ஒரே மூச்சில் "ஆ!" என்றார்கள். அந்த வாய்கள் திறந்ததை இவர்கள் நன்றாகப் பார்த்தார்கள். எதைப் பார்த்துத் திறந்தன என்பதுதான் தெரியவில்லை. பதினோரு பேரும் ஒத்திகை பார்த்த விசிலை மறந்துபோனார்கள். அடித்தது மருமகள்தான், இரண்டு விரலை வாயில் வைத்து. மேஸ்திரியின் மந்தக் காதுக்கே கேட்டது.

"கண்ணுதான்! இல்லாட்டி இப்படிக் கத்துவாங்களா?" என்றார் சலூன்காரர், மீசையைத் தடவியபடி.

"பேருய்யா, பேரு!" என்றார் மேஸ்திரி.

வெளியே போகிற கூட்டத்தில் நாற்பதாயிரம் பேரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கலாம் என்று டீச்சர் வாயெடுத்தார். எல்லாருமாகச் சேர்ந்து அடக்கிவிட்டார்கள். வழக்கு தீர்ந்துபோனால் அடுத்த இரண்டு வருடம் சாயங்காலத்தில் எதைப் பேசுவது?

பேருந்தில் ஏறும்போது மருமகள் கேட்டாள். "மாமா, அடுத்த தடவை டிக்கெட் யாரு எடுக்குறது?"

"நீதாம்மா எடுக்கணும். படத்தை மட்டும் என்கிட்ட காட்டாதே."