பொம்மை வண்டிக்கு வைத்த டிரெய்லர் கிரீஸ்

பிள்ளைகளே, என் மகளின் ரிமோட் வண்டி மணல்மேட்டில் ஏறுவதற்கு நாங்கள் என்னென்ன வேலை பார்த்தோம் என்று எழுதுகிறேன். உங்களிடம் அப்படி ஒரு வண்டி இருந்தால் உதவும். பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை, நானே பத்தாவதோடு நின்றவன்தான். ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரும் கத்தரிக்கோலும் போதும். நான் கெடுத்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் என் மகள் படித்துவிட்டுச் சிரிப்பாள்.

எனக்கு வேலை டிரெய்லர் ஓட்டுவது. கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு யார்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போவேன், வருவேன். பதினெட்டு வருடமாக இதுதான். ஓட்டுவதென்று சொன்னாலும் ஓட்டுகிற நேரம் கொஞ்சம். துறைமுகக் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம். முன்வண்டி ஒரு வண்டி நீளம் நகரும், நானும் நகர்வேன். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். வெயில், உப்புக்காற்று, நிலக்கரித் தூசி. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இப்படி உடம்பு வலிக்கும் என்று யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். மாப்பிள்ளையூரணியில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேரும்போது பேசக்கூடத் தெம்பு இருக்காது.

அந்த வண்டியை வாங்கி வந்தது என் மனைவியின் தம்பி. வளைகுடா நாட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு மாத லீவில் வருவான். இந்தத் தடவை மருமகளுக்கு என்று முழங்கை நீளத்தில் ஒரு மணல் வண்டி. பின்சக்கரம் இரண்டும் பெரியது, முன்சக்கரம் சின்னது, நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் அதிலிருந்த காகிதத்தைத்தான் எடுத்துப் படித்தாள்.

அன்று சாயங்காலமே கடற்கரைக்குப் போனோம். படகுகளை இழுத்துப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், எங்கோ தோண்டிய மணலைக் கொட்டிக் குவித்த மேடு ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். வண்டி சமதரையில் அம்பாகப் போனது. மேட்டில் கால்வாசி ஏறியதும் பின்சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு வயிறு வரைக்கும் புதைந்துவிட்டது. பத்துத் தடவை விட்டுப் பார்த்தோம், பத்துத் தடவையும் அதே கதைதான்.

"ஏளா, நான் ஊருக்குப் போறதுக்குள்ள இது அந்த உச்சிக்குப் போகணும். நான் கண்ணால பாத்துட்டுத்தான் பிளைட் ஏறுவேன்" என்றான் அவள் மாமா.

"ஏத்திக் காட்டுதேன் மாமா" என்றாள் இவள்.

அவனுக்குத் திங்கட்கிழமை காலையில் விமானம். அதற்கு முந்தின ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். மூன்று வாரம் இருந்தது. அந்த நாளை விட்டால் அப்புறம் இரண்டு வருடம்.

மறுநாளிலிருந்து நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்து வண்டியைப் பற்றிச் சொல்லுவாள். எனக்குப் பாதி கேட்கும். "எப்பா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்காதீங்க" என்பாள். வீட்டில் என்னால் முடியாது என்று தெரிந்ததும், வண்டியை ஒரு துணிப்பையில் போட்டு என் சாப்பாட்டுப் பையோடு சேர்த்துக் கொடுத்துவிட ஆரம்பித்தாள். என்ன செய்ய வேண்டும் என்று சீட்டும் உள்ளே இருக்கும். வரிசையில் நிற்கிற நேரத்தில் நான் அதைச் செய்ய வேண்டும்.

முதல் சீட்டு சக்கரத்துக்கு. பழைய சைக்கிள் டியூபைச் சுண்டுவிரல் அகலத்துக்கு வெட்டி, பின்சக்கரத்தில் குறுக்கே பட்டை பட்டையாகப் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டச் சொல்லியிருந்தாள். ஒரு சக்கரத்துக்கு எட்டுப் பட்டை. துடுப்பு மாதிரி அது மணலைப் பின்னால் தள்ளும். ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் உரிந்து வந்துவிடும்.

நான் ஸ்டியரிங் மேல் சக்கரத்தை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, பின்வண்டி ஓட்டுகிற அண்ணாச்சி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏலே, இதுக்கும் கேட் பாஸ் போட்டாச்சா?"

"எம்மவளுக்கு அண்ணாச்சி."

"மவளுக்கா? நம்ம வண்டிய விட இதுதான் முதல்ல உள்ள போவும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்தது பேட்டரி. அது பின்பக்கம் இருந்ததால் மேடு ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்கியது. இரண்டு விரல் அளவுக்கு அதை முன்னால் நகர்த்தி, மகள் தன் முடிக்குப் போடுகிற ரப்பர் பேண்டாலேயே கட்டினாள். பின் ஸ்பிரிங்குகளுக்கு அடியில், தண்ணீர்க் குழாயில் வெட்டிய வளையத்தை ஒரு பக்கம் கீறி மாட்டினோம். வயிறு கொஞ்சம் உயர்ந்தது. ரிமோட்டின் சொல்லைக் கேட்கிற சின்னப் பெட்டியை ஒரு பலூனுக்குள் போட்டு வாயை நூலால் கட்டினோம். கடற்கரை ஈரத்துக்கு அது நல்லது. எல்லாம் அவள் யோசனை. மாமாவின் போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பிறகு மோட்டாரின் முனையில் இருக்கிற சின்னப் பல்சக்கரம். இரும்பில் ஆனது. அதற்குப் பதில் பல் குறைவாக இருக்கிற சக்கரம் ஒன்று பெட்டியிலேயே கூடுதலாக இருந்தது. அதை மாட்டினால் வேகம் குறையும், இழுவை கூடும். இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. லோடு ஏற்றிய டிரெய்லரை யாரும் டாப் கியரில் மேடு ஏற்ற மாட்டார்கள். அந்த இரும்புச் சக்கரம் சுற்றுவது ஒரு பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தை. அது திறந்தபடி இருந்ததால், எண்ணெய் டப்பாவை வெட்டி ஒரு மூடி செய்து, சுற்றிலும் டேப் ஒட்டி மணல் போகாமல் அடைத்தாள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மேட்டில் முக்கால்வாசி ஏறிவிட்டது. அவளுக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தப் பல்சக்கரத்திலிருந்து வந்த கிறீச் சத்தம் காதிலேயே நின்றது.

"கொஞ்சம் கிரீஸ் வைக்கணும்ளா" என்றேன்.

"எப்பா, அந்தப் பிளாஸ்டிக் சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்கக் கூடாது. காகிதத்துல போட்டிருக்கு."

"காகிதம் எழுதுனவன் தூத்துக்குடில இருந்தானாக்கும்?"

"வேண்டாம்ப்பா" என்றாள். நான் சரி என்றேன்.

இந்த ஊரில் இரும்பாக இருக்கிற எதையும் சும்மா விட மாட்டோம். உப்புக்காற்றுக்குக் கதவுக் கீல், சைக்கிள் செயின், கொடிக்கம்பி கட்டுகிற ஆணி வரைக்கும் அரித்துப்போகும். ஆகவே எதையாவது தடவிக்கொண்டே இருப்போம். அதிலும் டிரெய்லர்காரனுக்குக் கிரீஸ் என்பது சோறு மாதிரி. இழுக்கிற வண்டியும் பின்னால் கன்டெய்னரைத் தாங்கி வருகிற சட்டமும் சேருகிற வட்டத் தட்டில் கை நிறைய அள்ளி அப்புவோம். அப்பாத வண்டி திரும்பும்போது கத்தும். கத்துகிற இடத்தில் கிரீஸ் வை என்பதுதான் எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம். பதினெட்டு வருடத்தில் அது ஒரு நாளும் பொய்த்ததில்லை.

சனிக்கிழமை பையில் வண்டியோடு ஒரு சீட்டு இருந்தது. எல்லா ஸ்குரூவையும் ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அன்று வரிசை நகரவே இல்லை. இறுக்கி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு டப்பா மூடியின் டேப்பைப் பிரித்தேன். டூல் பெட்டியிலிருந்து டிரெய்லர் கிரீஸை எடுத்து, அந்தப் பல்சக்கரங்களில் விரலால் அப்பினேன். கையால் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை. மூடியை வைத்து டேப்பைத் திரும்ப ஒட்டினேன். கையில் கிரீஸ் இருந்தது, டேப்பிலும் பட்டது. அழுத்தி ஒட்டினேன், ஒட்டியது போலத்தான் இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. மேட்டில் ஏறியதும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் நாலு பேரும் போனோம். என் மனைவி முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்தாள். மகள் வண்டியைக் கீழே வைத்தாள். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. அவள் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள்.

கால்வாசி. பாதி. பட்டைகள் மணலை வாரி இறைத்தன. பாதியைத் தாண்டியதும் அடியிலிருந்து ஏதோ விழுந்து உருண்டு வந்தது. அது பல்சக்கரத்தின் டப்பா மூடி. அடுத்த நொடி கடக்கென்று ஒரு சத்தம். மோட்டார் ஊளையிட்டது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி அப்படியே பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்தது.

மச்சினன் அதைத் திருப்பிப் பார்த்தான். "என்ன அத்தான், உள்ள மஸ்கோத் அல்வா கிண்டி வச்சிருக்கிய?"

யாரும் சிரிக்கவில்லை. கிரீஸ் பட்டதால் டேப் விட்டுப்போயிருக்கிறது. மூடி விழுந்ததும் மணலெல்லாம் உள்ளே போய்க் கிரீஸில் ஒட்டியிருக்கிறது. எங்கள் கடற்கரை மணலில் பாதி உடைந்த சிப்பி. அரிசி அளவு ஒரு சிப்பித் துணுக்கு இரும்புப் பல்லுக்கும் பிளாஸ்டிக் பல்லுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் சக்கரத்தில் ஏழு பல் இல்லை. கிரீஸ் இல்லாதிருந்தால் அந்தத் துணுக்கு தெறித்துப் போயிருக்கும்.

"எப்பா, வச்சீங்களா?"

"கொஞ்சம்தான்" என்றேன்.

அவள் உள்ளே விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். விரல் முழுக்கக் கறுப்பு. அதை மணலில் துடைத்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"விடுளா, அடுத்த லீவுல பாப்போம்" என்றான் மாமா.

"அப்ப எனக்குப் பதினாலு வயசு" என்றாள்.

திங்கட்கிழமை விடியுமுன்னே அவன் போய்விட்டான். நான் வேலைக்குப் போனேன். சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது. அந்த வாரம் முழுக்க வரிசையில் நின்றது எனக்குப் பதினெட்டு வருடத்தையும் சேர்த்து நின்ற மாதிரி இருந்தது. அண்ணாச்சி வந்து "எங்கல உன் சின்ன வண்டி?" என்று கேட்டார். ரிப்பேர் என்றேன். யார் ரிப்பேராக்கியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் அவள் என்னோடு பேசாமல் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள், குழம்பைப் பற்றிப் பேசினாள். வண்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நானே சொன்னேன்: "கொஞ்சம் இல்லளா. நெறையத்தான் வச்சேன். நீ வேண்டாம்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் வச்சேன்."

"தெரியும்" என்றாள்.

புதுப் பல்சக்கரத்துக்கு அவளே மாமாவிடம் சொல்லி ஆர்டர் போட வைத்திருந்தாள். பார்சல் வந்த மறுநாள் என் சாப்பாட்டுப் பையோடு துணிப்பையும் இருந்தது. உள்ளே வண்டி, ஒரு பழைய பல் பிரஷ், ஒரு சீட்டு. "நீங்க வச்சத நீங்களே எடுங்க. பெட்ரோல் வேண்டாம். சோப்புத் தண்ணி மட்டும். மோட்டார் நனையக் கூடாது."

இரண்டு நாள் எடுத்தது. பிள்ளைகளே, கிரீஸ் வைப்பது ஒரு நிமிட வேலை. எடுக்கிறபோதுதான் அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியும். பல்லுக்குப் பல் தேய்த்தேன், துணியால் ஒற்றினேன், ஈர்க்குச்சியால் இடுக்கில் குத்தினேன். அண்ணாச்சி வந்து நின்று பார்த்தார்.

"ஏலே, வண்டிக்குப் பல்லு தேச்சு விடுதியோ?"

"ஆமா அண்ணாச்சி."

"தேய்ச்சு முடிச்சா எனக்கும் ஒரு தடவ தேய்ச்சு விடு. எனக்கு நாலுதான் இருக்கு. சீக்கிரம் முடியும்."

புதுச் சக்கரத்தை அவளே மாட்டினாள். இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து நெருக்கி, ஸ்குரூவை இறுக்கி, பிறகு காகிதத்தை உருவினாள். அந்தக் காகித அளவு இடைவெளிதான் வேண்டும். கிறீச் சத்தமே இல்லை. அதற்கு வேண்டியிருந்தது கிரீஸ் இல்லை, அந்த இடைவெளிதான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். என்னைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லி, அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வளைகுடாவில் அவள் மாமாவுக்கு விடுமுறை. எனக்கும் அன்று மதியத்தோடு வேலை முடிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரைக்குப் போனோம். என் மனைவி போனைப் பிடித்துக்கொண்டாள், அதில் வீடியோ காலில் அவன். நான் மேட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது. கால்வாசி, பாதி, முக்கால். உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்று, பின்சக்கரம் மணலை என் வேட்டி மேல் வாரிக் கொட்டியது. போயிற்று என்று நினைத்தேன். அவள் ரிமோட்டின் விசையை லேசாகத் தளர்த்தி, திரும்ப அழுத்தினாள். வண்டி முக்கிக்கொண்டு வந்து, என் பாதத்தில் மோதி நின்றது.

கீழே போனில் சத்தம் கேட்டது. "அக்கா, படம் பாதியிலயே நின்னுட்டு. ஏளா, ஏறிச்சா?"

"ஏறிட்டு மாமா."

"நீயே ஓட்டி நீயே சொன்னா எப்படி? யாரு பாத்தா?"

அவள் ரிமோட்டைப் பிடித்தபடி மேலே என்னைப் பார்த்தாள்.

"அப்பா பாத்தாங்க" என்றாள்.

"ஆமா மாப்ள, பாத்தேன்" என்று மேலிருந்தே சொன்னேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

இன்னொரு தடவை ஏற்றிக் காட்டச் சொன்னான். பேட்டரி தீர்ந்துவிட்டது. நான் மெல்ல இறங்கி வந்து வண்டியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே கொண்டு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அம்மாவோடு முன்னால் நடந்தாள்.