ஏழு எடுத்தால் ஒன்று இலவசம்

எனக்கு மரம் வாங்கத் தெரியும். அந்தத் தெம்பில் சேலையும் வாங்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் பிறந்தது.

எங்களுக்குப் பரம்பரையாகத் தச்சு வேலை. இப்போது நான் காரைக்குடியைச் சுற்றிப் புது வீடுகளுக்கு அடுக்களை அலமாரி செய்து கொடுக்கிறேன். ஆடி மாதம் யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள், அதனால் எனக்குக் கை சும்மா இருக்கும். என் மனைவிக்கோ அந்த மாதம்தான் தலைக்கு மேல் வேலை. துணிக்கடைகள் எல்லாம் தள்ளுபடிப் பலகை மாட்டிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பறப்பது என் சட்டைப்பை. தலையணை உறை வாங்கப் போனவள் மூன்று சுடிதாரோடு திரும்பி வருவாள். "எம்புட்டு மிச்சம் பிடிச்சிருக்கேன் பாருங்க" என்பாள். அந்த மிச்சத்தை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

போன வருஷம் ஆடியில் எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தத் தடவை நான் வாரேன். சாமான் வாங்குறது எப்படின்னு காட்டுறேன்" என்றேன். அவள் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

வாங்க வேண்டியது எட்டுச் சேலை. அந்த வருஷம் சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று ஏழு விசேஷம் வரவிருந்தது. ஏழு வீட்டுக்காரிகளுக்கும் செய்முறையாகச் சேலை வைத்துக் கொடுக்க வேண்டும். எட்டாவது, மானகிரியில் இருக்கும் என் அக்காவுக்குப் பொங்கல் சீர்.

நான் முறையாகத்தான் போனேன். வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டுப் போனேன், பசியோடு போனால் பார்ப்பதெல்லாம் வேண்டும் போல இருக்கும். கூட்டத்தோடு போனால் அடுத்தவள் கையில் இருப்பதுதான் நன்றாகத் தெரியும் என்று செவ்வாய்க்கிழமை காலையாகப் பார்த்துப் போனேன். எத்தனை சதவீதம் குறைத்திருக்கிறான் என்பதை விட்டுவிட்டு, நான் கொடுக்கப்போவது எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தேன். சீட்டில் 'சேலை எட்டு' என்று எழுதி வைத்திருந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், இதுவரைக்கும் நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் முதல் மேசையிலேயே ஒரு குவியல். கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சைக் கரை. மேலே ஒரு அட்டை: ஏழு எடுத்தால் ஒன்று இலவசம். எனக்குச் சன்மைக்கா கடையில் நிற்பது போலவே இருந்தது. அலமாரிப் பலகை மேல் ஒட்டுகிற சன்மைக்காத் தகடு வாங்கும்போது ஒரே லாட்டில் மொத்தமாக எடுக்க வேண்டும். பிரித்துப் பிரித்து வாங்கினால் விலையும் கூடும், ஷேடும் மாறிப்போகும். இங்கே எட்டும் ஒரே லாட். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"ஒரே மாதிரி எட்டா?" என்றாள் மனைவி. "எல்லாரும் ஒரு எடத்துல கூடுனா என்ன பண்ணுவீக?"

"எட்டுப் பேரும் எட்டு ஊரு. ஒரே நாள்ல அதையே கட்டிக்கிட்டு வர அவுகளுக்கு என்ன கிறுக்கா?" என்றேன். அப்போதுதான் அவள் ஒரு மாந்தளிர் நிறச் சேலையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டில் இல்லை என்று சொல்லி அதைத் திரும்ப வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

பொங்கலுக்கு மானகிரி போனேன். கூடப் பிறந்தது எனக்கு அக்கா ஒருத்திதான். கோபம் வந்தால் ஆறு மாதம் பேச மாட்டாள். பேச ஆரம்பித்தால் என்னைப் பற்றித்தான் பேசுவாள். சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, "கலரு புதுசா இருக்கேடா" என்றாள். அத்தோடு நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். "உனக்குன்னு கடை பூராத் தேடி எடுத்தேங்க்கா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கிளம்புவதற்குள் பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் அந்தச் சேலை போய்விட்டு வந்தது.

இந்த ஆவணியில் அமராவதிபுதூரில் எங்கள் புது வீட்டுக்குக் குடிபோனோம். எங்கள் வழக்கப்படி வீட்டுக்காரனின் அக்கா தங்கைதான் புது அடுப்பில் முதல் பால் காய்ச்ச வேண்டும். நல்ல நேரம் காலை ஏழரை வரைக்கும்.

ஆறு மணிக்கு நேமத்தான்பட்டிச் சித்தி ஆட்டோவில் வந்து இறங்கினார். கத்தரிப்பூ, கிளிப்பச்சை. "நீ எடுத்துக் குடுத்த சேலைடா. உன் வீட்டு விசேஷத்துக்கு அதைத்தான கட்டணும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து என் கொழுந்தியாள் வந்தாள். அதே சேலை. பிறகு அத்தை மகள்கள் இரண்டு பேர் சேர்ந்தே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். அத்தனை பேரும் எனக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற மனைவி விரலை மடக்கிக்கொண்டே வந்து, "ஏழு" என்றாள். என் அக்கா மட்டும் இன்னும் வரவில்லை. அவள் வருவதற்குள் இவர்களைக் கலைத்தாக வேண்டும்.

சித்தியைத் தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடிக்கு அனுப்பினேன். அத்தை மகள்களை வாழை மரம் பார்க்கக் கொல்லைக்கு அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் தச்சன் வீட்டு அடுக்களையைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஐந்து நிமிடத்தில் ஏழு பேரும் அடுக்களைக்குள் கூடி, இழுப்பறைகளை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அக்கா வந்தாள்.

கையில் பால் பானை. உடம்பில் கத்தரிப்பூ. "எந் தம்பி கடை பூராத் தேடி எடுத்தது" என்று தெருவில் யாரிடமோ சொல்லிக்கொண்டே படி ஏறினாள். வாசலில் நின்றால் அடுக்களை நேராகத் தெரியும். அப்படித்தான் நான் கதவு வைத்திருந்தேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடுத்த வீட்டு அம்மா, "அட, எல்லாருக்கும் யூனிஃபாரமா எடுத்துட்டீகளா? நல்லாருக்கு" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாக்கா, யூனிஃபாரம்" என்று அக்காவிடம் சொன்னேன்.

"தையில குடுத்த சேலை ஆவணிக்கு யூனிஃபாரமாடா?" என்றாள் அக்கா. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். "என்னையப் பாத்துச் சொல்லு. கடை பூராத் தேடுனியா?"

"இல்லக்கா. ஒரு மேசைதான். ஏழு எடுத்தா ஒண்ணு ஓசின்னு போட்டிருந்துச்சு."

"அப்ப எனக்குக் குடுத்தது ஏழுல ஒண்ணா, அந்த ஓசியா?"

பொய் சொல்லிக் கெட்டது போதும் என்று உண்மையைச் சொன்னேன். "எட்டும் ஒரே லாட்டுக்கா. எது ஓசின்னு எனக்கே தெரியாது."

அடுக்களையில் இழுப்பறைச் சத்தம் நின்றது. ஏழு பேரும் குனிந்து தங்கள் தங்கள் முந்தானையைப் பார்த்தார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏழு மாதமாக அவள் அந்தப் பொய்யை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இப்போது பானையோடு திரும்பி நடந்தால் என் வீட்டில் பால் பொங்காது. அதைவிட, அக்காவும் போய்விடுவாள்.

மனைவிதான் முன்னால் வந்தாள். "மதினி, மணி ஏழேகால் ஆச்சு. அவுகளத் திட்டுறதுக்கு நாள் பூராக் கெடக்கு. வந்து பாலக் காய்ச்சுங்க."

அக்கா வெளியே இருந்த காலையும் எடுத்து உள்ளே வைத்தாள். "இவனுக்காக வரல, உனக்காக வாரேன்" என்றாள். பால் நன்றாகத்தான் பொங்கியது. பொங்கிய பாலை இறக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நாளைக்குக் கடை தொறக்கையில நான் வாசல்ல நிப்பேன். ரெண்டு பேரும் வந்துருங்க."

மறுநாள் போனோம். ஆடி முடிந்து தள்ளுபடிப் பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டார்கள். அக்கா வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். நான்தான் பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. கீழ்த்தளத்தில் தொடங்கினாள். ஒவ்வொரு அடுக்காக இறக்கச் சொன்னாள், விரிக்கச் சொன்னாள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். என் மனைவி சத்தமில்லாமல் ஒரு மாந்தளிர் நிறத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சீட்டைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு மூலையில் விற்காத கத்தரிப்பூ ஒன்று கிடந்தது. மூன்று பேருமே பார்த்தோம், மூன்று பேருமே அடுத்த அடுக்குக்கு நகர்ந்தோம்.

மணி இரண்டானது. என் வயிறு கூப்பாடு போட்டது. "அக்கா, இன்னும் முடியலையா?" என்றேன்.

கையிலிருந்த சேலையை மடித்து வைத்துவிட்டு நேற்றிலிருந்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "கடை பூராத் தேடுறதுன்னா இம்புட்டு நேரம் ஆகும்டா தம்பி" என்றாள். பிறகு கடைப் பெண்ணிடம், "மேல இன்னொரு மாடி இருக்குல்ல?" என்று கேட்டாள்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன்.