மாறுமிடத்தில் கட்டிய மூட்டை

ஒரு சோடிக் காலுறைதான் போன வருஷம் என்னைப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. நீந்திக் கரையேறி, மணலில் ஓடி, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்கு நேரத்தோடுதான் வந்து சேர்ந்தேன். உப்புவெளியில் நடக்கும் இந்தப் போட்டியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிற இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். குறித்த நேரம் வந்ததும் அதன் வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிறு இழுபடும். அதற்குள் சைக்கிளோடு வெளியேறாதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் சாவகாசமாக நிலத்தில் இருந்து, ஈரக்காலில் ஏற மாட்டேன் என்ற காலுறையோடு மல்லுக்கட்டிவிட்டு நிமிர்ந்தபோது கயிறு இழுபட்டுவிட்டது.

வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்தேன். என்ன நடந்தது என்று கேட்க ஒரு நாய்கூட இல்லை. தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். கனடாவில் இருக்கும் தங்கச்சிக்கு அது நடுச்சாமம். அவள் எழும்பி டெலிபோன் எடுத்தபோது எனக்குச் சொல்ல மனமில்லை. "வேற என்ன புதினம்?" என்றாள். "ஒண்டுமில்லை" என்றேன். தோற்றது பெரிய காரியமில்லை. தோற்றதைச் சொல்ல வீட்டில் ஆளில்லாததுதான் என்னைத் தின்றது. அடுத்த முறை எப்பாடு பட்டாவது அந்தக் கயிற்றைத் தாண்டி, போட்டியை முடித்து, என் பெயர் பட்டியலில் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முடித்தால் சொல்ல ஒரு கதை இருக்கும். கதை இருந்தால் யாராவது கேட்பார்கள்.

நான் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். கலியாணம் கட்டவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா போன பிறகு பார்க்க ஒருவரும் இல்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் நாற்பத்தேழு வயதில்தான் நீந்தப் பழகினேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வேலை விட்டு வந்ததும் முற்றத்தில் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறிப் பழகத் தொடங்கினேன். தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிணற்றடியிலிருந்து சைக்கிளுக்கு ஓடுவேன். ஹெல்மெட் வாரைத் திறந்தபடி ஹாண்டிலில் கவிழ்த்து வைத்திருப்பேன். சப்பாத்தின் கயிறுகள் தளர்ந்து கிடக்கும். காலுறைக்கு ஒரு கும்பிடு, இனி வெறுங்காலில்தான் சப்பாத்து. எல்லாவற்றிலும் கடினம், கழற்றியதைக் கழற்றிய இடத்திலேயே எறிந்துவிட்டுப் போவது. நான் ஒரு கரண்டியைக்கூடக் கழுவாமல் வைத்தவள் அல்ல. எறிந்த துவாயை எடுத்து மடிக்கக் கை தானாகவே போகும். "விடு, சனியனே, விடு!" என்று என்னையே ஏசிக்கொள்வேன்.

இந்தக் கூத்தையெல்லாம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பாள் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட இளையவள், புருஷன் கடல் தொழிலுக்குப் போகிறவன். அவளுடைய கோழிகள் என் கீரைப் பாத்தியைக் கிண்டியதில் எங்களுக்குள் ஒருமுறை வாய்த்தர்க்கம் வந்தது. அதன் பிறகு கண்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, தண்ணி வாக்கிறீங்கள், ஓடுறீங்கள், பிறகும் வந்து வாக்கிறீங்கள். ஏதும் நேர்த்திக்கடனோ?"

"நேர்த்தியும் இல்லை, கோதாரியும் இல்லை. போட்டிக்குப் பழகிறன்."

"தனியவோ?"

"வேற ஆரோட?"

அவள் வேலியோடு ஒட்டி வந்தாள். எந்த நாள், எந்த இடம் என்று கேட்டாள். சொன்னேன். ஏன் கேட்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பூசையை மாதா கோயிலில் சனி பின்னேரமே கண்டிருந்தேன். விடிய வந்து, பழகியபடியே சைக்கிளடியில் துவாயை விரித்துச் சாமான்களைப் பரப்பினேன். சுற்றிவரக் கயிற்றுக்கு வெளியே சனம். ஒருத்தியின் புருஷன் போத்தலை நீட்டுகிறான். பிள்ளைகள் "அப்பா, அப்பா" என்று கத்துகிறார்கள்.  என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தக் கடற்கரையில் ஒருவரும் இல்லை. அழுதேன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், கடலில் இறங்கிவிட்டேன்.

நல்லாகத்தான் நீந்தினேன். கரையேறியபோது எனக்குப் பின்னால் இன்னும் சிலர் தண்ணீரில் இருந்தார்கள். ஓடி வந்து பார்த்தால் என் சைக்கிள் மட்டும் நிற்கிறது. ஹெல்மெட் இல்லை, சப்பாத்து இல்லை, துவாயும் இல்லை. சில்லடியில், கயிற்றுக்குக் கீழால் புகுந்து வந்து, பூசைக்குக் கட்டிய சீலையோடு மணலில் இருந்தாள் பக்கத்து வீட்டுக்காரி. மடியில் ஒரு மூட்டை.

"வந்திட்டீங்களோ அக்கா!" என்று முகமெல்லாம் சிரிப்பாக எழும்பினாள். "சாமானெல்லாம் பரவிக் கிடந்தது. சனம் கூடின இடம், ஆரும் தூக்கிக்கொண்டு போயிடுவினம். அதுதான் வடிவாக் கட்டி வச்சிருக்கிறன்."

வடிவாகத்தான் கட்டியிருந்தாள். துவாயில் இரட்டை முடிச்சு. உள்ளே சப்பாத்துக் கயிறுகளையும் இறுக்கிக் கட்டி, ஹெல்மெட் வாரையும் பூட்டி வைத்திருந்தாள். கடல் தண்ணீரில் ஊறிய என் விரல்களுக்கு முடிச்சு அவிழவில்லை. வாசலில் நின்றவர் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்.

"உன்னை ஆரடி வரச் சொன்னது? விசரி! கெடுத்துப்போட்டியே! போ, எழும்பிப் போ இஞ்சயிருந்து!"

அவளோடு அதுவரை நீங்கள் என்றே கதைத்தவள் நான். அவளுடைய முகம் சுருங்கிப்போனது. முடிச்சைப் பல்லால் இழுத்து, ஹெல்மெட்டை மட்டும் உருவி மாட்டிக்கொண்டு, சப்பாத்தை அங்கேயே போட்டுவிட்டு, வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் கயிறு இழுபட்டது.

தாண்டிவிட்டேன். சந்தோஷம் வரவில்லை.

குச்சவெளிப் பக்கமாகப் போய்ப் பாதித் தூரத்தில் திரும்பி வர வேண்டும். மற்றவர்கள் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டார்கள். மிதிகட்டையின் பல்லுகள் உள்ளங்காலில் குத்தின. திரும்பும்போது கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. றோட்டில் நானும் மாடுகளும்தான். அவளுடைய முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் குடும்பமாகக் கடலுக்குக் குளிக்கப் போனால் ஒருவர் குளிப்பதில்லை. எல்லாருடைய உடுப்பையும் நகையையும் ஒரு துவாயில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருப்பார். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் நான்தான். மூத்த பெட்டை. அப்பாவின் மணிக்கூடு, தங்கச்சியின் தோடு, எல்லாம் என் மடியில். அவர்கள் குளித்துக் கூத்தடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீந்தப் பழகாமலே வளர்ந்தேன். எனக்காக ஒருவர் அப்படிக் கரையில் இருந்ததில்லை. இன்றைக்கு ஒருத்தி, பூசை முடிந்த கையோடு, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்து இருந்தாள். அவளை நாயைத் துரத்துகிற மாதிரித் துரத்திவிட்டேன். ஐயோ, என்ன மனுஷி நான் என்று அந்த வெறும் றோட்டில் வாய்விட்டு அழுதேன். இனி அவள் நிற்க மாட்டாள் என்று தெரியும்.

நின்றாள். கண் சிவந்திருந்தது. மற்றவர்கள் மாறுவதைப் பார்த்துப் படித்திருக்கிறாள் போல. சப்பாத்துகள் கயிறெல்லாம் தளர்த்தி, வாய் விரித்து, நான் வைத்திருந்ததைவிட ஒழுங்காக இருந்தன. நான் சைக்கிளைச் சாத்தியதும் என் உள்ளங்காலைக் கண்டுவிட்டாள். தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது.

"ஐயோ அக்கா! இருங்கோ. காலை நீட்டுங்கோ, நான் போட்டு விடுறன்."

கயிறு பிடித்தவர் அந்தரப்பட்டு ஓடி வந்தார். "அக்கா, வெளியாக்கள் உதவி செய்யக்கூடாது. அவ தொட்டா உங்கட பேரை வெட்ட வேணும். நீங்களே போட்டுக்கொண்டு ஓடுங்கோ, நேரம் கிடக்கு."

அவள் சுட்டதுபோலக் கையை எடுத்தாள். "இல்லை, இல்லை, நான் தொடேல்லை" என்று அவரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு ஏச்சுக்குக் காத்திருப்பவள் போல என்னைப் பார்த்தாள். மிச்சம் ஓட்டம் மட்டும்தான். சப்பாத்தைப் போட எனக்குத் தெரியும். ஒரு வருஷம் அதைத்தானே பழகினேன்.

மணலில் இருந்தேன்.

"வெட்டுங்கோ தம்பி" என்றேன். அவளிடம் காலை நீட்டினேன்.

காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சீலைத் தலைப்பால் மணலைத் துடைத்து, நோகாமல் சப்பாத்தை ஏற்றி, கயிற்றைக் கட்டி, இறுக்கமோ என்று விரலால் பார்த்தாள். பிறகு என் முதுகில் மெல்லத் தட்டினாள்.

"ஆறுதலா ஓடிட்டு வாங்கோ அக்கா. நான் இஞ்சதான் இருக்கிறன்."