வலப்பக்கத்து விரிசல்

அண்ணனின் புத்தகங்களை எடுத்துப் போகப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இளைஞர் நிதானமான ஆள். நூல்களை ஒரு பெட்டியில், பழைய எலும்புகளின் புகைப்படங்களை இன்னொரு பெட்டியில் என்று பதவிசாக அடுக்கினார். காப்பி கொடுக்கலாம் என்று சமையலறைக்குக் கூப்பிட்டேன். ஜன்னலோரம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாய்க்கு மேலிருந்த பலகையில் மாட்டின் தோள் எலும்பு ஒன்று கிடந்தது. ஒருபுறம் விசிறி மாதிரி அகன்று, மறுபுறம் பிடிபோலக் குறுகி, அப்பளத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு கையாலும் எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பினார், முகம் சுருங்கியது. “இது பழையது இல்லையே, கசாப்புக் கடை எலும்புதானே?” என்று ஜெர்மனில் கேட்டார். ஆமாம், நான்தான் வாங்கிவந்தேன் என்றேன். சங்கடத்தோடு சிரித்துவிட்டு அதை இருந்த இடத்திலேயே வைத்தார். மற்றதெல்லாம் அன்றைக்கே வண்டியேறிப் போய்விட்டது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். முட்டை உடைத்த சட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லும் அப்பா. அந்த வீட்டு மூத்த பிள்ளை இயந்திரப் படிப்புக்கென்று ஜெர்மனிக்கு வந்து, பாதியில் அதை உதறிவிட்டு, சீனத்தின் ஆதிகாலத்தைப் படிக்கப் போய்விட்டார். போனதுதான் போனார், நேரங்காலம் பார்த்திருக்கக் கூடாதா? சீனாவோடு எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. செத்துப்போன அம்மாவின் வளையல்களை அப்பா யுத்த நிதிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த அதே வாரத்தில்தான் அண்ணனின் சேதியும் வந்தது. அப்பா கத்தவில்லை. “எதிராளி வீட்டுக் குப்பையக் கிளறப் போயிருக்கான்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் அண்ணனின் பெயர் கேட்கவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் பொறியாளராக இருந்த என் வீட்டுக்காரரோடு நானும் இங்கே வந்து சேர்ந்தேன். அப்பா எனக்கு மாதம் தவறாமல் எழுதுவார். பசு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, எதிர்வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று எல்லாம் இருக்கும். அண்ணன் இருக்கிறானா, சாப்பிடுகிறானா என்று ஒரு வார்த்தை இருக்காது. நான் பதில் எழுதும்போது வேண்டுமென்றே அண்ணனைப் பற்றியே எழுதுவேன். சுவரோடு பேசின கதைதான். அப்பாவின் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி அண்ணன் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும், “சரி, பசு நல்லாருக்கா?” என்பார்.

சனிக்கிழமைகளில் சாப்பிட வருவார். சோற்றைப் பிசைந்துகொண்டே சீனத்தைப் பற்றிச் சொல்வார். “அங்கயும் மொதல்ல தினைதான்ட்டி. மஞ்சளாத்து வண்டல்ல தினை வெதச்சாத்தான் அங்க ஊரு. நெல்லு தெக்க உள்ளவன் பண்டம்.” மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கிக் கோட்டைச் சுவர் எழுப்பியதையும், வெண்கலத்தை உருக்கிச் செத்தவர்களுக்குப் படைக்கும் பாத்திரம் வார்த்ததையும், ஏதோ நம் மாமா வீட்டுக் கட்டு வேலையைப் பார்த்துவிட்டு வந்தவர் போலச் சொல்வார். மண்ணிலிருந்து கிடைத்த எழுத்துள்ள எலும்புகளை டிராகன் எலும்பு என்று நம்பி, நாட்டு மருந்துக் கடைகளில் இடித்துச் சூரணமாக விற்றிருக்கிறார்கள். எத்தனை ராஜாக்களின் பேச்சு எத்தனை பேர் வயிற்றுக்குள் போயிற்றோ என்று வருத்தப்படுவார். நிஜமான வருத்தம். ஊரில் யாராவது செத்தால்கூட அந்த முகத்தில் அவ்வளவு வருத்தம் பார்த்ததில்லை என்று நான் கேலி செய்வேன்.

அந்த ராஜாக்கள் எதற்கெடுத்தாலும் முன்னோரிடம் குறி கேட்பார்களாம். மழை வருமா, பல்வலி எந்தத் தாத்தாவின் கோபம், ராணிக்குப் பிள்ளை சுகமாகப் பிறக்குமா. ஆமை ஓட்டிலோ மாட்டின் தோள் எலும்பிலோ பின்பக்கம் குழி தோண்டி, அதில் கனலும் நெருப்புக் கங்கு ஒன்றை வைப்பார்கள். முன்பக்கம் விரிசல் விடும். ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். வலப்பக்கம் ‘மழை வரும்’, இடப்பக்கம் ‘மழை வராது’. இரண்டையும் சுட்டுப் பார்த்த பிறகு ராஜா வந்து படிப்பார். “விரிசலு ஒண்ணும் பேசாது. ராஜா என்ன சொல்லுதாரோ அதுதான் பதிலு. வேற எவனும் படிக்கக் கூடாது” என்பார் அண்ணன்.

இதையெல்லாம் எழுதினால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம். ஆனால் எலும்பைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. கசாப்புக் கடைக்கு நான் போனேன்; அவருக்கு உள்ளே நுழையவே கூச்சம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிவந்து என் அடுப்பில், என் குழம்புச் சட்டியில் வேகவைத்தேன். கீழ்வீட்டு அம்மா வாசனை பிடித்துக்கொண்டு காரட்டும் கிழங்கும் ஏந்தி மேலே வந்துவிட்டாள். கடைசியில் இவர்களும் ஒழுங்காக சூப் வைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கொழுப்புப் போகவில்லை. பிசுக்குப் போக எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதானே? ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த புளி முழுவதையும் அண்ணன் கரைத்து, வெண்கலப் பானையைத் துலக்குவது போலத் தேய்த்து, அதிலேயே ஊறப் போட்டுவிட்டார். “அட மூதி, ஒரு வருசத்து ரசமாச்சே!” என்று நான் அலறியது தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

எலும்பு பளபளவென்று வந்தது. ஆனால் சுட்டால் விரியவில்லை. கரிந்து நாறியது, அவ்வளவுதான். புளிப்பில் ஊறிய எலும்பு இளகிப்போகும், விரியாது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று எலும்பு வேண்டியிருந்தது. நான்காவதை அலசிக் கழுவி, இந்த ஜன்னலில் வெப்பக் குழாய்க்கு மேல் வைத்து, ஒரு குளிர்காலம் முழுக்கக் காயவிட்டோம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சித்தப்பா எழுதினார். அண்ணனைச் சித்திரையில் வரச் சொல், அப்பா வாசலில் நிறுத்த மாட்டார் என்றுதான் நினைக்கிறேன் என்று. ‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை அண்ணன் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. பயணச்சீட்டு வாங்கிவிட்டார். அப்பாவுக்குக் கம்பளிச் சால்வை எடுத்தார். நிறம் பிடிக்குமா என்று என்னை நச்சரித்தார்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை. பின்பக்கம் இரண்டு குழி தோண்டியாயிற்று. கங்குக்குப் பதில் என் வீட்டுக்காரர் ஈயம் பற்றவைக்கும் பெரிய சால்டரிங் அயர்ன். என்ன கேட்கப் போகிறாய், மழையா என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. வலப்பக்கக் குழியில் சூட்டை வைத்து, தமிழில், தெளிவாகச் சொன்னார்: “அப்பா என்னச் சேத்துக்கிடுவாரு.”

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, பொட்டுக்கடலையைப் பல்லால் கடித்தது போல ஒரு சத்தம். திருப்பிப் பார்த்தால் நெட்டாக ஒரு கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்னக் கிளை. அண்ணன் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! வளர்ந்த மனுஷன் பள்ளிக்கூடத்துப் பையனாக ஆகிவிட்டார். என்ன சொல்லுது, படி அண்ணே என்று நானும் கூடக் குதித்தேன்.

“நான் படிக்கக் கூடாதுட்டி. ராஜா படிக்கணும். நம்ம வீட்டு ராஜாட்டயே கொண்டுபோய்க் காட்டுதேன். அவரு வாயால சொல்லட்டும்.”

இடப்பக்கத்துக்குச் சூட்டுக்கோலை எடுத்தபோது மணி அடித்தது. தபால்காரர். தந்தி. சித்தப்பா கொடுத்தது. அப்பா போய்விட்டார், காரியம் எல்லாம் முடிந்துவிட்டது, சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அவ்வளவுதான் இருந்தது.

நான் அதை வாய்விட்டுப் படித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று தோன்றியது, அணைத்தேன். அண்ணன் சூட்டுக்கோலின் மின்கம்பியைப் பிடுங்கி, அதைப் பத்திரமாகத் தாங்கியில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சோறு போட்டேன், சாப்பிட்டார். மோரும் ஊற்றிக்கொண்டார். நான்தான் பொறுக்காமல், “அண்ணே, இனி மூத்தவன் நீதான. நீதான ராஜா. படியேன்” என்றேன்.

“கேட்டவனே படிச்சா அது குறி இல்லட்டி” என்றார். கை கழுவ எழுந்து போனார்.

பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சால்வையை என் வீட்டுக்காரர் போர்த்தித் தேய்த்தார். அந்தச் சீன ராஜாக்கள் பத்து நாளை ஒரு வாரமாக வைத்து, எந்த நாள் எந்த மூதாதைக்கு என்று முறைவைத்துப் படைத்தார்கள். அந்த முறை முழுவதும் அண்ணனுக்கு மனப்பாடம். அப்பாவின் திதி என்றைக்கு என்று அவர் கேட்கவே இல்லை. நான் சொல்லிக்கொண்டு வந்தேன். சரி சரி என்பார், அன்றைக்கும் நூலகத்துக்குச் சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஆய்வு முடிந்தது, பட்டம் வந்தது, பாடம் நடத்தினார், தலை நரைத்தது. எலும்பை எடுத்துப் போகச் சொன்னால் அங்கேயே கிடக்கட்டும் என்பார். எடுத்து எறியவும் விடவில்லை, அதன் பக்கம் திரும்பவும் இல்லை. எத்தனையோ வருஷம் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார்.

சென்ற ஐப்பசியில் அவரும் போனார். அன்றைக்கும் நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அவருடைய செருப்பைக் கொண்டுவந்து, துடைத்து, வாசலில் வைத்தேன். துக்கம் என்று ஒன்று வந்தால் தேவலை என்றுகூட இருக்கிறது. வரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய?

பல்கலைக்கழக இளைஞரின் வண்டி போன பிறகு காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்தேன். எலும்பைத் துணியால் துடைத்தேன். பின்பக்கம் வலக்குழி கறுத்திருக்கிறது. இடக்குழி அன்று தோண்டியபடி வெளுப்பாகவே இருக்கிறது. முன்பக்கம் அந்த ஒற்றைக் கோடும் கிளையும். அப்பா இல்லை, அண்ணன் இல்லை. எங்கள் வீட்டில் இனி மூத்தவள் நான். கேட்டவளும் நானில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, யாருமில்லாத சமையலறையில், அன்றைக்கு அவர் சொன்ன அதே தெளிவோடு சொன்னேன்: “சேத்துக்கிட்டாரு அண்ணே.”

பிறகு எலும்பை வெப்பக் குழாய்க்கு மேலே, அதன் இடத்திலேயே வைத்தேன்.